ஏழு வயதுப் பையன் டவுசரிலேயே போய்விடுகிறான்: மனசா, வயிறா?

மேற்கு மாவட்டம் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய அக்காவுக்கு வலிப்பு நோய் இருந்தது. எட்டு மாதத்துக்கு முன்பு ஒரு நாள் காலை கழிவறைக்குள் போனவர் உள்ளேயே விழுந்து இறந்துவிட்டார். தறி வேலைக்குப் போன கணவர் இரவு ஷிப்ட் முடிந்து இன்னும் திரும்பவில்லை. வீட்டில் இருந்தது ஆறு வயது மகன் மட்டும். "எனக்கு அவசரமா வருது, சீக்கிரம் வாம்மா" என்று கதவைத் தட்டியபடி அழுதிருக்கிறான். பக்கத்து வீட்டுக்காரர்கள் வந்துதான் கதவை உடைத்தார்கள். அன்று அவனைத் தூக்கிக்கொண்டு போனவர்கள், "அம்மா தூங்குறா" என்று சொல்லியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு யாரும் அவனிடம் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பையனைச் சித்தியான இவர் தன் வீட்டுக்கு அழைத்து வந்தார். நான்கு வயதிலேயே படுக்கையை நனைப்பதை விட்டுவிட்ட பிள்ளை இப்போது வாரத்தில் நான்கைந்து இரவு நனைக்கிறான். பகலில் டவுசரிலேயே மலம் போகிறான், ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறைகூட. அழுக்கு ஜட்டியைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைக்கிறான். நாற்றம் வருகிறதே என்று கேட்டால், "எனக்கு ஒண்ணும் வரலையே" என்கிறான். பூச்சி மாத்திரை இரண்டு தடவை கொடுத்தாயிற்று. தண்ணீராகப் போனதால் மருந்துக் கடையில் பேதி நிற்க மாத்திரை வாங்கியும் கொடுத்துப் பார்த்தாயிற்று. மாமியார், "ஒரு தடவை சூடு வெச்சா தானா நிக்கும்" என்கிறார். பள்ளியில் டி.சி. வாங்கிக்கொள்ளச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு அம்மா, "இப்படி இருந்தா யாராவது தப்பா நடந்திருப்பாங்க" என்று ஒரு பயத்தைக் கிளப்பிவிட்டார். போன வாரம் இவரும் பொறுமையிழந்து பையனை அடித்துவிட்டார். "அன்னைக்கு ராத்திரி முழுக்க நான் தூங்கல டாக்டர். இவன் வேணும்னு செய்யறானா, இல்ல மனநோயா? மனநல டாக்டர்கிட்ட போனா மாத்திரை கொடுத்து மந்தமாக்கிடுவாங்களா?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

முதல் கேள்விக்கு நேரடியாகவே பதில் சொல்லிவிடுகிறேன். அவன் வேண்டுமென்று செய்யவில்லை. உங்களைப் பழிவாங்கவும் இல்லை, சோம்பலும் இல்லை. ஜட்டியை ஒளித்து வைப்பதையும், நாற்றமே தெரியாதது போல விளையாடிக்கொண்டிருப்பதையும் திமிர் என்று உங்கள் வீட்டில் நினைக்கிறார்கள். ஒளித்து வைப்பது வெட்கத்தால். நாற்றம் தெரியவில்லை என்று அவன் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஒரே வாசனையில் தொடர்ந்து இருக்கும் மூக்கு கொஞ்ச நேரத்தில் அதைக் கவனிப்பதை விட்டுவிடும். மலம் கசிவது அவனுக்கு உணர்ச்சியாகத் தெரியாமல் இருக்கவும் மருத்துவக் காரணம் உண்டு. அதற்கு வருகிறேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். கடிதத்தில் அக்கா இறந்த இடத்தை ஒரே வரியில் எழுதிவிட்டு, பூச்சி மாத்திரையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. அந்தக் காலையைப் பற்றி நினைக்கவே உங்களுக்கும் முடியவில்லை என்பது புரிகிறது. ஆனால் எனக்கு இந்தக் கடிதத்தின் மையமே அந்த ஒரு வரிதான். அம்மா கழிவறைக்குள் போனார், கதவு மூடியது, அம்மா திரும்பி வரவில்லை. அப்படிப் பார்த்த ஒரு குழந்தை கழிவறைக்குள் தானாகப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். உங்கள் வீட்டிலும் கழிவறை பின்பக்கம் தனியாக, இருட்டாக இருக்கிறது என்கிறீர்கள். அவன் போக மாட்டான். அடக்குவான்.

மனசில் தொடங்கியது, வயிற்றில் நிற்கிறது

"தினமும் போகிறானே, அதுவும் தண்ணீராகப் போகிறானே, மலச்சிக்கல் எப்படி இருக்கும்?" என்று எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான பெற்றோர் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் நான்கு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் துணியிலேயே மலம் போவதற்குப் பெரும்பாலும் அடிப்படையாக இருப்பது நாள்பட்ட மலச்சிக்கல்தான்.

நடப்பது இதுதான். பயத்தாலோ வலியாலோ பிள்ளை அடக்குகிறான். அடக்க அடக்க மலக்குடலில் மலம் தங்கி, நீர் உறிஞ்சப்பட்டு, கெட்டியாகிக் கட்டியாகத் திரள்கிறது. அதை வெளியே தள்ளும்போது வலிக்கிறது. வலித்ததால் அடுத்த முறை இன்னும் அடக்குகிறான். வாரக்கணக்கில் இப்படிப் போனால் மலக்குடல், பழைய ஜட்டியின் எலாஸ்டிக் போலத் தளர்ந்து விரிந்துவிடும். 'வருகிறது' என்ற உணர்வும் மழுங்கிவிடும். அப்புறம் மேலே இருந்து வரும் இளகிய மலம் அந்தக் கட்டியைச் சுற்றி வழிந்து, அவனுக்குத் தெரியாமலே ஜட்டியில் கசிகிறது. நீங்கள் பேதி என்று பார்த்தது இந்தக் கசிவாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்படியானால் பேதியை நிறுத்தும் மாத்திரை நிலைமையை இன்னும் கெட்டியாக்கியிருக்கும். அதை இன்றே நிறுத்திவிடுங்கள்.

நீங்களே இரண்டு தடயங்களைக் கொடுத்திருக்கிறீர்கள். பத்து நாளைக்கு ஒரு முறை மிகப் பெரிதாக, கழிவறையே அடைத்துக்கொள்ளும் அளவுக்குப் போகிறான் என்பது ஒன்று. அவ்வப்போது மூலையில் போய்க் காலைப் பின்னிக்கொண்டு முகம் சிவக்க நிற்கிறான், 'டவுசரில் போவதற்காக முக்குகிறான்' என்பது இன்னொன்று. அவன் முக்கவில்லை. வருவதை உள்ளே இழுத்து அடக்கிக்கொண்டு நிற்கிறான். வெளியிலிருந்து பார்க்க இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும்.

இரவு நனைப்பதற்கும் இதில் பங்கு உண்டு. நிறைந்து வீங்கிய மலக்குடல் முன்னால் இருக்கும் சிறுநீர்ப் பையை அழுத்துகிறது. மலச்சிக்கலைச் சரி செய்ததும் பல பிள்ளைகளுக்குப் படுக்கை நனைப்பதும் குறைந்துவிடுகிறது. ஆறு மாதத்துக்கு மேல் நனைக்காமல் இருந்த பிள்ளை மறுபடி நனைக்கத் தொடங்கினால், வீட்டில் இழப்போ பிரிவோ சண்டையோ நடந்ததா என்று நாங்கள் எப்போதும் கேட்போம். அதோடு உடல் காரணங்களையும் பார்த்தே தீர வேண்டும்.

அதனால் 'மனசா, வயிறா' என்று நீங்கள் கேட்டதற்கு என் பதில், இரண்டும். அதிர்ச்சியால் வந்தது என்று வெறும் கவுன்சலிங் மட்டும் கொடுத்தால், உள்ளே கட்டி அப்படியே இருக்கும், கசிவும் நிற்காது. வயிற்றுக்கு மட்டும் மருந்து கொடுத்தால், பயம் அப்படியே இருக்கும், மருந்தை நிறுத்திய மறு வாரமே அடக்கத் தொடங்குவான்.

முதலில் குழந்தை மருத்துவரிடம்

என்னைப் போன்ற மனநல மருத்துவரிடம் வருவதற்கு முன், அல்லது அதே வாரத்தில், ஒரு குழந்தைகள் நல மருத்துவரைப் பாருங்கள். அவர் வயிற்றை அழுத்திப் பார்ப்பார், முதுகின் அடிப்பகுதியையும் கால்களின் வலுவையும் பார்ப்பார், சிறுநீர்ப் பரிசோதனை எழுதுவார். அதிகத் தாகம், அடிக்கடி நிறைய சிறுநீர், எடை குறைவது இருந்தால் தாமதிக்காமல் அன்றே சர்க்கரை அளவைப் பார்க்கச் சொல்லுங்கள். சிறு பிள்ளைகளின் சர்க்கரை நோய் சில சமயம் படுக்கை நனைப்பதாகத்தான் முதலில் தலைகாட்டும். சிறுநீர் போகும்போது எரிச்சல், காய்ச்சல், மலத்தில் ரத்தம், வாந்தியோடு வயிறு உப்புவது, நடையில் தடுமாற்றம், இடுப்புக்குக் கீழே முதுகில் முடிக்கொத்து அல்லது குழி இருந்தாலும் சொல்லுங்கள்.

மலச்சிக்கல்தான் என்று உறுதியானால் சிகிச்சைக்கு இரண்டு கட்டம். முதலில் தேங்கியிருப்பதை வெளியேற்ற வேண்டும். தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் பாலிஎத்திலீன் கிளைக்கால் பவுடரைத்தான் இதற்கு முதலில் தேர்ந்தெடுப்போம், லாக்டுலோஸ் சிரப்பும் பயன்படும். அளவை மருத்துவர்தான் எடை பார்த்துச் சொல்ல வேண்டும். இந்தச் சில நாட்கள் கசிவு அதிகமாகத்தான் இருக்கும். 'மருந்து கொடுத்தும் மோசமாகிவிட்டதே' என்று நிறுத்திவிடாதீர்கள். விடுமுறை நாட்களில் தொடங்கினால் பள்ளியில் அவமானப்பட மாட்டான்.

இரண்டாவது கட்டம்தான் பொறுமை கேட்பது. தினமும் வலியில்லாமல், இளக்கமாகப் போகும்படி குறைந்தது இரண்டு மாதமாவது மருந்தைத் தொடர வேண்டும். பலருக்கு ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். விரிந்த குடல் பழைய அளவுக்குத் திரும்ப அவ்வளவு காலம் தேவை. 'பழகிவிடும், குடல் கெட்டுவிடும்' என்று உறவினர்கள் சொல்வார்கள். மருத்துவர் சொன்ன அளவில் கொடுத்தால் இந்த மருந்துகள் அப்படிப் பழக்கப்படுத்துவதில்லை. சீக்கிரம் நிறுத்துவதால்தான் பிரச்சினை திரும்ப வருகிறது.

சோப்புத் துண்டு வைப்பது, வெற்றிலைக் காம்பை எண்ணெயில் தோய்த்து வைப்பது, விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவது எல்லாம் இந்தப் பிள்ளைக்கு வேண்டாம். ஆசனவாய்ப் பக்கம் யாராவது கை வைத்தாலே அவன் பயம் இரட்டிப்பாகும். அதே காரணத்துக்காக, வாய் வழி மருந்தே போதுமா, எனிமாவைத் தவிர்க்க முடியுமா என்று மருத்துவரிடமும் கேளுங்கள். சாப்பாட்டில் கீரை, கொய்யா, பப்பாளி, பயறு வகைகள் சேருங்கள், பால் மட்டுமே குடித்து வயிறு நிரப்ப விடாதீர்கள். ஆனால் வாழைப்பழம் மட்டும் கொடுத்து இதைச் சரி செய்துவிடலாம் என்று நம்ப வேண்டாம். அந்தக் கட்டம் தாண்டிவிட்டது.

அந்தக் கதவைத் திரும்பத் திறப்பது

உங்கள் வீட்டுக் கழிவறைக்கு இப்போதைக்கு அவனைக் கட்டாயப்படுத்தாதீர்கள். முதியவர்களுக்காக மருத்துவப் பொருள் கடைகளில் விற்கும் கம்மோடு நாற்காலியோ சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்து மலம் கழிக்கும் பிளாஸ்டிக் இருக்கையோ கிடைத்தால், வீட்டுக்குள் வெளிச்சமான ஒரு மூலையில் ஒரு புடவையை மறைப்பாகக் கட்டி வைத்துவிடுங்கள். ஏழு வயசுப் பையனுக்கு இதுவா என்று மாமியார் கேட்பார். மருத்துவர் சொன்னார் என்று சொல்லிவிடுங்கள்.

காலை, மதியம், இரவு சாப்பிட்ட பிறகு ஐந்திலிருந்து பத்து நிமிடம் உட்காரட்டும். சாப்பிட்டதும் குடல் தானாக அசையும், அந்த நேரத்தைப் பயன்படுத்திக்கொள்கிறோம். பாதம் அந்தரத்தில் தொங்காமல் ஒரு மனைப் பலகை மேல் ஊன்றியிருக்க வேண்டும். நீங்கள் அருகில் இருங்கள், ஏதாவது பேசுங்கள். வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருக்காதீர்கள். பாராட்டு, ஸ்டிக்கர் எல்லாம் உட்கார்ந்ததற்காக மட்டும். ஜட்டி சுத்தமாக இருந்ததற்குப் பரிசு என்று வைத்தால், அவன் கையில் இல்லாத ஒன்றுக்குத் தேர்வு வைத்தது போலாகிவிடும். தோற்ற அன்று மறுபடி ஒளித்து வைப்பான்.

இரண்டு மூன்று வாரத்தில் வலியில்லாமல் போகப் பழகியதும், மெல்ல அந்தக் கழிவறைப் பக்கம் நகருங்கள். முதலில் நல்ல வெளிச்சம் தரும் பல்பைப் போடுங்கள். உள்தாழ்ப்பாளைக் கழற்றிவிடுங்கள், இது முக்கியம். 'இந்த வீட்டில் யாரும் உள்ளே மாட்டிக்கொள்ள முடியாது' என்பதை அவன் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு நாள் வாசலில் நிற்பது, இன்னொரு நாள் உள்ளே போய்த் தண்ணீர் ஊற்றிவிட்டு வருவது, அப்புறம் கதவை முழுக்கத் திறந்து வைத்து நீங்கள் வெளியே தெரியும்படி நிற்க அவன் உட்காருவது, பிறகு பாதி திறந்த கதவு. எந்தப் படியில் அவன் நடுங்குகிறானோ அதற்கு முந்தைய படியில் இன்னும் சில நாள் இருங்கள். நீங்கள் கழிவறைக்குப் போகும்போது அவன் வாசலிலேயே காத்திருக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அதை 'ஒட்டுப்புல் மாதிரி ஒட்டிக்கிறான்' என்று எரிச்சலோடு சொல்லியிருந்தீர்கள். சகோதரி, அவன் உங்களைக் காவல் காக்கிறான். உள்ளிருந்து, "சித்தி இங்கதான் இருக்கேன் கண்ணு" என்று குரல் கொடுங்கள்.

அம்மா தூங்கவில்லை

இதைத்தான் அவனிடம் சொல்ல வேண்டும். 'அம்மா தூங்குறா' என்று சொன்னவர்கள் அன்பால் சொன்னார்கள். ஆனால் தூங்கப் போன அம்மா எழுந்திருக்கவே இல்லை என்றால், தூக்கம் என்பது எவ்வளவு பயங்கரமானது என்று ஆறு வயதுப் பிள்ளை முடிவு செய்வான்? இரவில் படுக்க அடம் பிடிக்கிறான், லைட்டை அணைத்தால் கத்துகிறான் என்கிறீர்களே, அதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னொன்றை யூகமாகத்தான் சொல்கிறேன், ஆனால் இதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அன்று அவன், "எனக்கு அவசரமா வருது, சீக்கிரம் வா" என்று கத்தினான். அந்த வயதுப் பிள்ளைகள் தாங்கள் நினைத்ததால், சொன்னதால்தான் கெட்டது நடந்தது என்று நம்புவது மிகச் சாதாரணம். 'நான் அவசரப்படுத்தினதாலதான் அம்மா விழுந்தாங்க, எனக்கு ஆய் வந்ததாலதான் அம்மா போயிட்டாங்க' என்று அவன் மனசில் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருக்கலாம். அவனாக வந்து அதைச் சொல்ல மாட்டான். பெரியவர்கள் யாரும் கேட்காத விஷயத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்றுதான் அவன் கற்றிருக்கிறான்.

அப்பாவும் இருக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவனை நடுவில் உட்கார வைத்து, எளிய வார்த்தைகளில் சொல்லுங்கள். "அம்மா இறந்துட்டாங்க கண்ணு. தூங்கல. அவங்களுக்கு வலிப்புன்னு ஒரு நோய் இருந்துச்சு. அதனால அவங்க உடம்பு வேலை செய்யறது நின்னுபோச்சு. இனிமே வர மாட்டாங்க. நீ கதவைத் தட்டினதால இல்ல. நீ கூப்பிட்டதால இல்ல. நீ எதுவும் தப்பு பண்ணல." அவன் அழலாம், எழுந்து ஓடி விளையாடப் போகலாம், 'பசிக்குது' என்று கேட்கலாம். எல்லாமே சரிதான். அடுத்த வாரம் அதே கேள்வியை மறுபடி கேட்பான், மறுபடி அதே பதிலைச் சொல்லுங்கள். நீங்கள் அழுதாலும் பரவாயில்லை. அக்காவின் போட்டோவைப் பீரோவுக்குள் வைத்திருக்கிறீர்கள் என்றீர்கள், வெளியே எடுத்து மாட்டுங்கள். இன்னும் நான்கு மாதத்தில் வருஷத் திதி வருகிறது. 'சின்னப் பையன், வேண்டாம்' என்று அவனை வேறு வீட்டுக்கு அனுப்பிவிடாதீர்கள். அவனும் பூப் போடட்டும். அந்த நாட்களை ஒட்டிப் பிரச்சினை கொஞ்சம் கூடினால் பயப்படவும் வேண்டாம்.

மனநல மருத்துவர் என்றாலே மாத்திரை, மந்தம் என்று பயப்படுகிறீர்கள். இப்படியான துக்கத்துக்கும் அதிர்ச்சிக்கும் குழந்தைகளுக்கு நாங்கள் முதலில் தருவது மாத்திரை இல்லை. விளையாட்டு, படம் வரைவது, கதை சொல்வது வழியாக அந்த நாளைப் பத்திரமான இடத்தில் வைத்துப் பேச வைப்பது, பயத்தைப் படிப்படியாகக் குறைப்பது, வீட்டாருக்குப் பழக்கிக் கொடுப்பது இவைதான் சிகிச்சை. பொம்மைகளை வைத்து விழுவதையும் கதவு உடைவதையும் திரும்பத் திரும்ப விளையாடுவது, அலறி எழுவது, சத்தம் கேட்டாலே திடுக்கிடுவது இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை மாவட்டத் தலைமை மருத்துவமனையில் பார்க்கலாம். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள், கட்டணம் இல்லை.

பக்கத்து வீட்டு அம்மா சொன்னது

பாலியல் தொல்லைக்கு உள்ளான குழந்தைகள் திடீரென்று படுக்கையை நனைப்பதும் துணியில் போவதும் உண்டு. அதனால் அந்த எண்ணத்தைத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் இந்த அறிகுறியை மட்டும் வைத்து அப்படி முடிவு கட்டவும் முடியாது, உங்கள் பிள்ளைக்கு வேறு தெளிவான காரணம் கண்முன்னே இருக்கிறது. குறிப்பிட்ட ஒரு ஆளையோ இடத்தையோ கண்டு பயப்படுகிறானா, அந்தரங்க இடத்தில் காயமோ வலியோ உண்டா, வயதுக்கு மீறிய பேச்சோ விளையாட்டோ தெரிகிறதா என்று கவனியுங்கள். கேட்பதானால் ஒரே முறை, நிதானமாக, "யாராவது உன்னைத் தொட்டு உனக்குப் பிடிக்காம இருந்திருக்கா? எதுவா இருந்தாலும் சித்திகிட்ட சொல்லலாம், நான் திட்ட மாட்டேன்" என்று கேளுங்கள். பெயர்களைச் சொல்லி, 'அவனா, இவனா' என்று துருவாதீர்கள். பயந்த பிள்ளை தலையாட்டிவிடும்.

அவன் ஏதாவது சொன்னால் நம்புங்கள். 'யாரிடமும் சொல்ல மாட்டேன்' என்று சத்தியம் செய்துவிடாதீர்கள். பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, குற்றம் நடந்தது தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 1098 குழந்தைகள் உதவி எண்ணிலும் தொடங்கலாம். பிள்ளையைக் காவல் நிலையத்துக்கு இழுத்துப் போக வேண்டியதில்லை. வீட்டிலோ அவன் விரும்பும் இடத்திலோ, சீருடை அணியாத அதிகாரி வாக்குமூலம் வாங்க வேண்டும் என்று அதே சட்டம் சொல்கிறது. மருத்துவமனையும் எஃப்.ஐ.ஆர். இருந்தால்தான் பார்ப்போம் என்று திருப்பி அனுப்பக்கூடாது.

பள்ளியும் மாமியாரும்

டி.சி. கொடுப்பதாகச் சொல்வது மிரட்டல்தான். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிரிவு 16இன்படி எட்டாம் வகுப்பு முடியும் வரை ஒரு பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கக்கூடாது. பிரிவு 17 அடிப்பதையும் மனரீதியாகத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு விலக்கு உண்டு, மற்றபடி தனியார் பள்ளிகளுக்கும் இது பொருந்தும். வகுப்பு முன்னால் அவனை எழுப்பி நிறுத்தி மூக்கைப் பொத்திக் காட்டிய மிஸ் செய்தது இந்தப் பிரிவுக்குள் வருகிற விஷயம்தான்.

ஆனாலும் சட்டத்தோடு முதல் நாளே போய் நிற்க வேண்டாம் என்பது என் யோசனை. அவன் தினமும் அந்த வகுப்பில்தான் உட்கார வேண்டும். மருத்துவரிடம், 'இது சிகிச்சையில் உள்ள உடல்நலப் பிரச்சினை, பையன் வேண்டுமென்று செய்வதில்லை, கேட்டபோதெல்லாம் கழிவறைக்கு அனுப்பவும்' என்று ஒரு கடிதம் வாங்குங்கள். ஹெட்மாஸ்டரிடம் தனியாகப் பேசி, ஒரு கவரில் மாற்று உடை, ஈரத் துணி வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். கையைத் தூக்கிக் கத்தாமல் மிஸ்ஸுக்கு மட்டும் தெரியும்படி ஒரு சின்ன அட்டையை மேசையில் வைத்துவிட்டு அவன் எழுந்து போகலாம். பள்ளிக் கழிவறைக்குத் தாழ்ப்பாளே இல்லை, தண்ணீர் இல்லை என்கிறீர்கள். அதையும் கேளுங்கள், அதனால் அடக்குகிற பிள்ளைகள் அந்த வகுப்பில் இன்னும் பலர் இருப்பார்கள். இத்தனைக்கும் மசியவில்லை என்றால் பள்ளிக்கல்வித் துறையின் 14417 உதவி எண், அடுத்து மாவட்டக் கல்வி அலுவலகம்.

சூடு வைப்பது பற்றிக் கொஞ்சமும் விட்டுக்கொடுக்காதீர்கள். தம் பொறுப்பில் உள்ள பிள்ளையைக் கொடுமைப்படுத்துவது இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 75இன்படி மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். அதைவிட எனக்குப் பெரிய விஷயம், சூட்டுக்குப் பயந்த பிள்ளை இன்னும் இறுக்கி அடக்குவான், நோய் இன்னும் முற்றும். மாமியாரிடம் சட்டம் பேசினால் வீட்டில் சண்டைதான் வரும். மருத்துவரிடம் போகும்போது அவரையும் அழைத்துக்கொண்டு போங்கள். வயிற்றில் கட்டி இருப்பதை மருத்துவர் வாயால் கேட்டால், 'கொழுப்பு' என்று நினைத்தது நோய் என்று புரிய வாய்ப்பு உண்டு. உங்கள் நான்கு வயது மகளோடு அவனை ஒப்பிட்டுப் பேசுவதை மட்டும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.

இரவுக்கு ஒரு ரப்பர் ஷீட், மேலே பழைய புடவை மடிப்பு. படுக்கும் முன் சிறுநீர் கழிக்கட்டும். நனைக்கிறான் என்று பகலில் தண்ணீரைக் குறைக்காதீர்கள், மலம் இன்னும் கெட்டியாகும், படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு மட்டும் குறைத்தால் போதும். காலையில் நனைந்த துணியை வாளியில் போடும் வேலையை அவனே செய்யட்டும், தண்டனையாக இல்லாமல் வீட்டு வேலையாக. படுக்கை நனைப்பதற்கென்று தனி மருந்துகள் இருக்கின்றன. அவற்றை இப்போது அவசரப்பட்டுத் தொடங்க வேண்டாம், கடையில் கேட்டு வாங்கவும் கூடாது. முதலில் வயிறு சரியாகட்டும்.

அடித்ததற்கு அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். "சித்தி அன்னைக்கு அடிச்சது தப்பு, உன் மேல தப்பில்ல" என்று இரண்டு வரி போதும். நீங்களும் எட்டு மாதத்துக்கு முன்னால்தான் அக்காவை இழந்தீர்கள், இறந்தவருக்கு அழக்கூட நேரமில்லாமல் அடுத்த மாதமே ஒரு பிள்ளையைத் தூக்கிச் சுமக்கிறீர்கள். 14416 உங்களுக்கும் சேர்த்துத்தான். அவனுடைய அப்பா ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியாக மட்டும் வராமல், வாரத்தில் இரண்டு இரவாவது அவனோடு படுக்க முடியுமா என்று கேளுங்கள். தாயை இழந்த பிள்ளையை உறவினர் வளர்க்கும்போது அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய் உதவி கிடைக்க வழி இருக்கலாம். தகுதி உள்ளதா என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விசாரியுங்கள்.

மருத்துவரிடம் போவதற்கு முன் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, என்று போனான், எவ்வளவு, கெட்டியா இளக்கமா, எத்தனை முறை கசிந்தது, எந்த இரவு நனைத்தான் என்று ஒரு வாரம் எழுதி எடுத்துப் போங்கள். ஒரு வாரம் எழுதுவதற்காக, மேலே சொன்ன தாகம், எடைக் குறைவு, ரத்தம், வாந்தி போன்றவை இருந்தும் காத்திருக்க வேண்டாம். மருந்தும் உட்காரும் பழக்கமும் ஒழுங்காக மூன்று மாதம் தொடர்ந்தும் நோட்டில் மாற்றமே இல்லை என்றால், குடல் நரம்புக் கோளாறு, தைராய்டு போன்ற அரிதான காரணங்களைப் பார்க்கப் பெரிய மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள்.